பாலத்து வழி திறந்திருக்கிறதா?

மென்ஸல் ரும்மான் நகராட்சியின் முகநூல் பக்கத்தை எழுதுவது யார் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. அது ஒரு ஆள் என்றே பலர் நினைக்கவில்லை. தலைநகரத்தில் ஏதோ ஒரு இயந்திரம் இருக்கிறது, எல்லா ஊருக்கும் அதுதான் பதில் அனுப்புகிறது என்று செல்போன் கடை ஷிஹாப் சத்தியம் செய்வான். தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதினாலும் சரி, வாசலில் நாய் செத்துக் கிடக்கிறது என்று எழுதினாலும் சரி, "தங்கள் அக்கறைக்கு நன்றி. தங்கள் கோரிக்கை உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்றுதான் பதில் வரும். ஆளாக இருந்தால் என்றைக்காவது ஒருநாள் சலித்துப்போய் வேறு மாதிரி எழுத மாட்டானா என்பது அவன் கட்சி.

எழுதியது ரஃபீக்கா. ஊருக்கு ஊர் ஆள் ஏற்றிப்போகும் லுவாஜ் வண்டி ஓட்டிய ஹம்தாவின் மகள். நகராட்சி மாடியில், உடைந்த நாற்காலிகளையும் தேர்தல் பெட்டிகளையும் போட்டு வைத்திருந்த அறையில் ஒரு மூலையை ஒழித்து அவளுக்கு மேஜை போட்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மசூதி முற்றமும், அதற்கப்பால் வாதி என்று நாங்கள் சொல்லும் காட்டாற்றின் நாணல் புதரும் தெரியும். வாதியில் வருடத்தில் முக்கால்வாசி நாள் தண்ணீர் இருக்காது.

அந்த வேலையில் அவளை உட்காரவைத்த அன்றே நகராட்சிச் செயலர் ஃபௌஸி, எங்கள் ஊர் மரியாதைப்படி ஸீ ஃபௌஸி, சொல்லிவிட்டார். "இந்தப் பக்கத்துக்கு முகம் கிடையாது, ரஃபீக்கா. முகம் இருந்தா மூக்குல குத்துவாங்க. நீதான் எழுதுறன்னு உங்க வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியக்கூடாது."

"எங்க வீட்ல பூனை இல்ல, ஸீ ஃபௌஸி."

"ரொம்ப நல்லதாப் போச்சு."

பூனை மட்டுமல்ல, வேறு யாரும் இல்லை. அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். தம்பி நிஸார் பிரான்சில், தூலோன் துறைமுகத்தில் வெல்டர். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் தானாகவே அடங்கிவிட்டது. நாள் முழுக்க 'நாங்கள்' என்று எழுதிவிட்டு வீடு திரும்பினால், 'நான்' என்று சொல்லக்கூட எதிரே ஆள் இருக்காது.

ஆனால் ஊரில் நடப்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். எவன் வீட்டுச் சாக்கடை எவன் வாசலில் வழிகிறது, எந்தப் பள்ளிக்கூடத்துச் சுவர் விழப்போகிறது, யார் யாருக்குப் பேச்சு இல்லை என்பதெல்லாம் அந்தப் பக்கத்தின் கீழே வந்து விழும். திட்டுகள்தான் அதிகம். மேயர் ரிப்பன் வெட்டும் படத்தைப் போட்டால், "கத்தரிக்கோல் நல்லா இருக்கு, அத வெச்சுக் குப்பை அள்ள முடியுமா?" என்று கேட்பார்கள். ஒரு பெருநாள் காலையில் யாரோ ஒருவர், "நகராட்சியே, உனக்கும் ஈத் வாழ்த்துகள்" என்று எழுதியிருந்தார். கேலியா, நிஜமா என்று தெரியவில்லை. "தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும்" என்று பதில் போட்டுவிட்டு, அன்று அவள் பலமுறை அதைத் திறந்து பார்த்தாள்.

மிக மோசமாகத் திட்டியது 'நீல மீன்' என்ற பெயரில் எழுதிய ஒரு ஆள். கழுதை, செவிடு, மேயரின் செருப்பு என்று அதற்கு ஒரு கணக்கே கிடையாது. அந்த நீல மீனின் படத்தில் இருந்த பூனை ரஃபீக்காவுக்குத் தெரிந்த பூனை. எதிர்வீட்டு பஹிஜாவின் ஜன்னலில் தூங்கும் ஒற்றைக் காது பூனை. பஹிஜா வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கிண்ணத்தில் ஆவியில் வேகவைத்த கோதுமைக் குஸ்குஸி கொண்டுவந்து தருவாள். "தனியா இருக்கறவ, உனக்குன்னு எதுக்கு உலை வெக்கணும்" என்பாள். பிறகு உட்கார்ந்து நகராட்சியைத் திட்டுவாள்.

"அந்தப் பக்கத்த எழுதுறானே, அவன் கைய வெட்டணும். மனுசன்னா ஒரு பதில் ஒழுங்கா வராதா?"

"வெட்டிட்டா அப்புறம் இந்தப் பதிலும் வராதே, பஹிஜா."

"வராட்டி போகட்டும். நீ ஏன் அவனுக்குப் பரிஞ்சு பேசுற? அவன் என்ன உன் மாமனா?"

ரஃபீக்கா சிரித்துக்கொண்டே குஸ்குஸியைச் சாப்பிடுவாள். வாரத்தில் வேறு யாரும் அந்தக் கதவைத் தட்டுவதில்லை.

அந்த வருடம் செப்டம்பரில் வெள்ளம் வந்தது. மிளகாய் அறுவடை நேரம். வீட்டுச் சுவர்களில் எல்லாம் சிவப்புச் சரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. காலையில் வானம் மஞ்சள் பூத்துக் கிடந்தது. மதியத்துக்குள் ஊரே தெரியாதபடி மழை கொட்டியது. எங்கள் பக்கத்து மழை வந்தால் அப்படித்தான் வரும், இல்லாவிட்டால் வரவே வராது.

மாடி அறைத் தொலைபேசி ஒலித்தது. ஊருக்கு மேலே இருக்கும் சித்ரா அணையின் காவலர் பேசினார்.

"அணை கல்லு மாதிரி நிக்குது, மகளே. அதப் பத்திக் கவலை இல்ல. ஆனா மலைப்பக்கத்து ஓடை உடைச்சுக்கிட்டு வாதியில இறங்கிருச்சு. பாலத்து மேல தண்ணி ஏறிருச்சு. யாரும் அந்தப் பக்கம் போகாம பாத்துக்கோங்க. கீழத்தெரு ஆளுங்கள மொட்டை மாடிக்கு ஏறச் சொல்லுங்க."

ரஃபீக்கா அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, கீழே ஓடிப்போய் ஸீ ஃபௌஸியிடம் காட்டினாள். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மேயர் தலைநகரத்தில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். அவருடைய போன் அணைந்திருந்தது.

"இதப் போட முடியாது."

"ஸீ ஃபௌஸி, பாலம் முங்கிருச்சு."

"எனக்குக் காது இருக்கு. வெள்ளம், தீ, நிலநடுக்கம் இதெல்லாம் கவர்னர் ஆபீஸ் சொல்லித்தான் போடணும். போன வருஷம் ரோட்டுல தண்ணி நிக்கும்னு நாமளா ஒரு வரி போட்டதுக்கு நான் எத்தன விளக்கம் எழுதினேன்னு உனக்குத் தெரியும். அனுப்பிட்டேன். பதில் வரட்டும்."

"வர்ற வரைக்கும்?"

"வர்ற வரைக்கும் உக்காரு."

மேலே வந்து உட்கார்ந்தாள். ஸீ ஃபௌஸியும் கூடவே வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். பக்கத்தில் கடைசியாகப் போட்டிருந்தது, மேயர் குழந்தைகள் பூங்காவில் ஊஞ்சலைத் திறந்துவைக்கும் படம். அதன் கீழே கேள்விகள் வந்து விழத் தொடங்கின. மின்சாரம் வருமா, பள்ளிக்கூடம் விட்டாயிற்றா, தண்ணீர் எதுவரை வரும். அவற்றுக்கிடையில் நஸீஹா என்று ஒரு பெண் எழுதியிருந்தாள்.

"என் வீட்டுக்காரர் மிளகாய்த் தோட்டத்திலிருந்து வண்டியில் வர வேண்டும். பாலத்து வழி திறந்திருக்கிறதா?"

ரஃபீக்காவின் விரல்கள் தாமாகவே தட்டின. 'இல்லை, சகோதரி. வர வேண்டாம் என்று சொல்...' அதற்குள் ஸீ ஃபௌஸியின் கை வந்து மேஜையில் ஊன்றியது.

"கமெண்டுல பதில் சொல்றதும் அறிவிப்புதான்."

"ஒரு பொம்பள, புருஷன் வரலாமான்னு கேக்கறா."

"அவளுக்குச் சொன்னா அது நகராட்சி சொன்னதாத்தான் ஆகும். அழி."

அவள் அழித்தாள். அந்தப் பெண்ணின் கேள்வியை மற்ற கேள்விகள் மேலே தள்ளிக்கொண்டு போயின. ரஃபீக்கா காத்திருந்தாள். தேநீர்க் குவளை பக்கத்திலேயே ஆறிப்போனது.

அதற்குள் ஊர்க் குழுவில் தீ பற்றிவிட்டது. 'மென்ஸல் ரும்மான் மக்கள்' என்ற அந்தக் குழுவை ஷிஹாப் நடத்திக்கொண்டிருந்தான். நகராட்சிப் பக்கத்தைப் பார்ப்பவர்களைவிட அதைப் பார்ப்பவர்கள் பல மடங்கு. எவனோ ஒருவன் வேறு எந்த நாட்டிலோ அணை இடிந்து விழும் படத்தைப் போட்டு, "சித்ரா உடைந்துவிட்டது! ஓடுங்கள்!" என்று எழுதிவிட்டான். கீழத்தெரு ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். மேட்டுக்குப் போக அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி பாலத்து வழிதான். ஜன்னலில் நின்ற ரஃபீக்காவுக்கு, மசூதியைத் தாண்டிப் போகும் குடைகளும் தலையில் போட்ட பிளாஸ்டிக் தாள்களும் தெரிந்தன. எல்லாம் வாதியை நோக்கிப் போயின.

அவள் தன் சொந்தப் போனை எடுத்தாள். ஸீ ஃபௌஸி கீழே யாருடனோ பேசப் போயிருந்தார். ஷிஹாப்பைக் கூப்பிட்டாள்.

"ஷிஹாப், நான் ரஃபீக்கா. ஹம்தா மக. உன் குழுவுல நான் நேரலையா பேசணும். உடனே விடு."

"லல்லா ரஃபீக்கா? இந்த மழையில என்ன பேசப் போறீங்க, சமையல் குறிப்பா?"

"நகராட்சிப் பக்கத்த எழுதுறது நான்தான்."

"சும்மா இருங்க."

"'தங்கள் அக்கறைக்கு நன்றி. தங்கள் கோரிக்கை உரிய பிரிவுக்கு...'"

"யா ரப்பி! அது நீங்களா? நான் மெஷின்னு..."

"அப்புறமா சிரிச்சுக்கோ. அணை உடையல. காவலர் பேசினார். பாலம்தான் முங்கிருச்சு. ஜனங்க பாலத்துக்குத்தான் ஓடுறாங்க. விடுடா!"

விட்டான். அவள் மொட்டை மாடிக்கு ஏறினாள். தலைத்துணி முகத்தில் ஒட்டிக்கொள்ள, போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அந்தக் காட்சியை எங்கள் ஊரில் பார்க்காதவர்கள் கிடையாது.

"நான் லுவாஜ் ஹம்தாவோட மக ரஃபீக்கா. நகராட்சிப் பக்கத்த எழுதுறவ நான்தான். நீங்க திட்டுவீங்களே, அந்தக் கழுதை நான்தான். எங்கப்பா வண்டியில ஏறாதவங்க இந்த ஊர்ல இல்ல. அவர் பேரால சொல்றேன், அணை உடையல. பாலத்துக்குப் போகாதீங்க. பாலத்து மேல தண்ணி ஓடுது. திரும்புங்க. மாடி இருக்கற வீடு எதுவா இருந்தாலும் ஏறுங்க. பூட்டியிருந்தா உடைச்சு ஏறுங்க. ஃபாத்தி, நீ பேக்கரி மாடியைத் திற. பஹிஜா, உன் கதவைத் திற. பாலத்துக்குப் போகாதீங்க!"

நகராட்சி சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். ஹம்தாவின் மகள் சொன்னதை நம்பினார்கள். போன் வைத்திருந்தவர்கள் மற்றவர்களைக் கூப்பிட்டார்கள். முன்னால் போனவர்களைப் பின்னால் போனவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். அன்று கீழத்தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. ஆனால் அங்கே ஒரு உயிர்கூடப் போகவில்லை.

போனது ஒரே ஒரு உயிர். மறுநாள் வாதியின் நாணலுக்குள் ஒரு பிக்கப் வண்டி கவிழ்ந்து கிடந்தது. சுற்றிலும் மிளகாய் மிதந்தது. லஸ்ஸாத் என்று ஒருவன். அவனுடைய மனைவியின் பெயர் நஸீஹா.

அந்தப் பெயரைக் கேட்டபோது ரஃபீக்கா மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் என்று பதிவுப் பிரிவு மப்ரூக்கா பிறகு சொன்னாள். களைப்பு என்று நினைத்தாளாம்.

ஊர் ரஃபீக்காவைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. தெருவில் நடந்தால் பேக்கரி ஃபாத்தி சூடான ரொட்டியைக் கையில் திணிப்பான். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பெண்கள் கூட்டத்தின் நடுவில் அவளுக்கு இடம். வீட்டு அலமாரியில் ஹரிஸா என்னும் மிளகாய் விழுது பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு வீட்டிலிருந்து வந்தது. பஹிஜா கண்களைத் துடைத்துக்கொண்டே வந்து கட்டிப்பிடித்தாள்.

"எனக்கு ஒரு விஷயம் சொல்லணும். சொன்னா என் மேல துப்புவ."

"நீல மீன்தானே?"

பஹிஜா வாயைப் பொத்திக்கொண்டாள். "உனக்குத் தெரியுமா? எப்பலேர்ந்து?"

"பூனையோட காதப் பாத்த அன்னைலேர்ந்து."

"தெரிஞ்சேவா என் குஸ்குஸியத் தின்ன?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பஹிஜா வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. தினமும் வந்தாள். அந்த வீட்டில் அம்மா இருந்த காலத்துக்குப் பிறகு முதல்முறையாக இரண்டு குவளை தேநீர் ஊற்றினார்கள்.

அலுவலகத்தில் மட்டும் வேறு கதை. உத்தரவில்லாமல் பேசியதற்காக அவளை மாடி அறையிலிருந்து எடுத்து, ஊர் ஓரத்து வாரச்சந்தை அலுவலகத்தில் போட்டார்கள். வியாழக்கிழமை மட்டும் அங்கே கழுதையும் லாரியும் கூச்சலுமாக இருக்கும். மற்ற நாள்களில் வெறும் திடல், காற்றில் உருளும் பைகள். நகராட்சிப் பக்கத்தைத் தலைநகரத்திலிருந்து வந்த ஒரு இளைஞனிடம் கொடுத்தார்கள். வெள்ளத்து அன்று வந்த கேள்விகளை எல்லாம் நீக்கச் சொன்னது ஸீ ஃபௌஸிதான். துயரத்தைத் திரும்பத் திரும்ப ஏன் பார்க்க வேண்டும் என்றாராம். ஊஞ்சல் படம் இருந்தது. அதன் கீழே ஒன்றும் இல்லை.

குளிர் தொடங்கிய ஒரு நாள், சந்தை இல்லாத நாள், அந்த அலுவலகத்துக்கு நஸீஹா வந்தாள். கறுப்புத் துணி இல்லை, சாதாரண பழுப்புக் கோட்டு. முப்பது வயது இருக்கலாம். ரஃபீக்கா எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

"லல்லா ரஃபீக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நான் எழுதினது உங்க கண்ணுல பட்டுச்சா?"

பட்டிருக்காது, ஆயிரம் கேள்விகள் வந்தன என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணே அந்தப் பதிலை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள் என்று ரஃபீக்காவுக்குத் தோன்றியது.

"பட்டுச்சு."

"எப்ப?"

"நீ எழுதின உடனே."

"அப்ப உங்களுக்குப் பதில் தெரியுமா?"

"தெரியும். பாலம் முங்கிருச்சுன்னு அதுக்கு முன்னாலயே போன் வந்துருச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"உத்தரவு வரலன்னு உக்காந்திருந்தேன். எழுத ஆரம்பிச்சேன். அழின்னாங்க. அழிச்சுட்டேன்."

"இல்லன்னு ஒரு சொல்லு. அதுக்கு உத்தரவா?"

வெளியே காற்று ஒரு தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது.

"அவர் போன்ல கேட்டார், பாலத்து வழில வரவா, இல்ல சுத்திக்கிட்டு வரவான்னு. இரு, நகராட்சிய கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன். அவரும் தோட்டத்துல வண்டிய நிறுத்திட்டுக் காத்துக்கிட்டே இருந்தார். நீங்க பதில் சொல்லல. அணை உடைஞ்சிருச்சுன்னு குழுவுல வந்துச்சு. தண்ணி வர்றதுக்குள்ள வந்துருங்கன்னு நான்தான் சொன்னேன். அவர் குறுக்கு வழின்னு பாலத்துல ஏறிட்டார்." அவள் குரல் உடையவில்லை. பலமுறை சொல்லித் தேய்ந்துபோன குரல். "இப்ப மாமியார் எங்கூடப் பேசறதில்ல. பாலத்துல வரச் சொல்லி எம்மகனக் கொன்னவ நீதான்னு முகத்துக்கு நேரா சொல்றாங்க. என் பொண்ணத் தன்கூடவே படுக்க வெச்சுக்கறாங்க. நான் நகராட்சிய கேட்டேன்னு சொன்னா, எங்க காட்டுன்னு கேக்கறாங்க. போய்ப் பாத்தா என் கேள்வியே இல்ல. ஊரே சொல்லுது, ஹம்தா மக சொன்னத கேட்ட எல்லாரும் பொழைச்சாங்க, நீதான் கேக்கலன்னு."

"நான் வந்து உன் மாமியார்கிட்ட சொல்றேன்."

"மாமியார் மட்டுமா சொல்றாங்க? குளிக்கப் போற இடத்துல சொல்றாங்க, ரொட்டிக் கடையில சொல்றாங்க. எத்தன பேர்கிட்ட வந்து சொல்லுவீங்க?" கதவருகில் போய்த் திரும்பினாள். "நீங்க பாக்கலன்னு சொல்லியிருந்தா நான் பேசாமப் போயிருப்பேன், லல்லா."

அன்று மாலை பஹிஜா தேநீர் குடிக்க வந்தபோது ரஃபீக்கா எல்லாவற்றையும் சொன்னாள். பஹிஜா குவளையைக் கீழே வைத்தாள்.

"நீ என்ன பண்ணப் போற?"

"எழுதப் போறேன்."

"பைத்தியமா? கீழத்தெரு முழுக்கக் காப்பாத்தினவ நீ. அதுல ஒண்ணு தவறிருச்சு. அந்தப் பொண்ணுக்குத் தனியா மன்னிப்புக் கேளு, முடிஞ்சு போச்சு. ஊருக்குச் சொன்னா ஊர் உன்ன என்ன சொல்லும் தெரியுமா?"

"தெரியும். வருஷக்கணக்கா வாசிச்சவதானே."

"அப்ப பக்கத்துக்குச் சொன்னாங்க. இப்ப உனக்குச் சொல்லுவாங்க."

ரஃபீக்கா அதைப் பற்றி நிறைய யோசித்தாள். கல்யாண வீட்டில் நடுவில் கிடைத்த இடம், ஃபாத்தியின் ரொட்டி, பஹிஜாவின் சிரிப்பு எல்லாம் நினைவுக்கு வந்தன. இத்தனை வயதுக்குப் பிறகு கிடைத்தவை. கையில் போன் சூடாக இருந்தது. பிறகு ஷிஹாப்பின் குழுவில், தன் பெயரில், தன் படத்தோடு எழுதினாள்.

"வெள்ளத்தன்று நஸீஹா என்ற சகோதரி நகராட்சிப் பக்கத்தில், பாலத்து வழி திறந்திருக்கிறதா என்று கேட்டார். அவர் கேட்டது உண்மை. நான் அதைப் பார்த்தேன். வழி மூடிவிட்டது என்பது எனக்கு அப்போதே தெரியும். உத்தரவு வரவில்லை என்பதால் நான் பதில் சொல்லவில்லை. அவர் கணவர் பதிலுக்காகக் காத்திருந்து, பதில் வராமல் பாலத்துக்கு வந்தார். நான் மாடியில் ஏறிக் கத்தியது அதற்குப் பிறகுதான். நஸீஹா மீது ஒரு பிழையும் இல்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டார்."

பதில்கள் வந்தன. சிலர் உண்மை சொன்னதற்காக வாழ்த்தினார்கள். பெரும்பாலோர் வாழ்த்தவில்லை. தெரிந்தே கொன்றவள், கொன்றுவிட்டு வீராங்கனை வேஷம் போட்டவள் என்றார்கள். உன் வீட்டு ஆண் வரவேண்டியிருந்தால் உத்தரவுக்குக் காத்திருப்பாயா என்று ஒருவன் கேட்டான். ஷிஹாப் சில வரிகளை நீக்கிப் பார்த்தான், பிறகு கைவிட்டான். ஃபாத்தி அவளுக்கு ரொட்டி தருவதை நிறுத்தவில்லை. காகிதத்தில் சுற்றி, முகத்தைப் பார்க்காமல் தந்தான்.

ஸீ ஃபௌஸி கூப்பிட்டனுப்பினார். அவரைப் பார்த்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஒரேயடியாக வயது கூடியிருந்தது.

"என் பேர நீ ஏன் எழுதல?" என்றார்.

"அழிச்சது என் விரல்தானே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "விசாரணை வரும். அழின்னு சொன்னது நான்தான்னு நான் எழுதிக் குடுத்துட்டேன். நீ போ."

விசாரணை வந்தது. அவர் முன்கூட்டியே ஓய்வு பெற்றுக்கொண்டு மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். ரஃபீக்காவின் பதவி உயர்வை நிறுத்திவைத்தார்கள். சந்தை அலுவலகத்திலேயே இருக்கச் சொன்னார்கள். பாதை மூடினால் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் பக்கத்தில் அறிவிக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மப்ரூக்கா மட்டும் போனில் வாசித்துக் காட்டினாள்.

நஸீஹாவின் மாமியார் என்ன சொன்னாள் என்று ரஃபீக்காவுக்குத் தெரியாது. ஆனால் ஒரு வியாழக்கிழமை சந்தையில் மாமியாரும் மருமகளும் பேத்தியும் ஒரே கூடையைப் பிடித்துக்கொண்டு டர்னிப் கிழங்கு பொறுக்குவதைப் பார்த்தாள். நஸீஹா நிமிர்ந்தபோது இருவரின் பார்வைகளும் சந்தித்தன. அந்தப் பெண் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. தலையை லேசாக அசைத்துவிட்டுக் கூடையை அடுத்த கடைக்கு நகர்த்தினாள். அதற்குமேல் எதையும் எதிர்பார்க்கத் தனக்கு உரிமை இல்லை என்று ரஃபீக்கா நினைத்தாள். ஆனாலும் அவர்கள் திடலைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

பஹிஜா சண்டை போடவில்லை. முழங்கால் வலி என்றாள், பிறகு பேரன் வந்திருக்கிறான் என்றாள். பஹிஜாவின் தங்கை வீடு லஸ்ஸாத் வீட்டுச் சுவரை ஒட்டியிருந்தது. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வெள்ளிக்கிழமைகள் வந்தன, போயின.

தூலோனிலிருந்து நிஸார் கூப்பிட்டான். அங்கே இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களும் குழுவில் இருக்கிறார்கள். கொஞ்சம் தாமதமாகத்தான் அவன் காதுக்குப் போயிருந்தது.

"அக்கா, உனக்கு மூளை இருக்கா? அமைதியா இருந்திருந்தா ஊர் உனக்குச் சிலை வெச்சிருக்கும். இத எழுதச் சொல்லி யார் உன்னக் கேட்டா?"

"ஒருத்தி கேட்டா."

அவன் பின்னால் கப்பல் பட்டறையின் சுத்தியல் சத்தம் கேட்டது.

"இங்க வந்து கொஞ்ச நாள் இரேன். பிள்ளைங்க உன்னக் கேக்குதுங்க. அங்க உனக்கு யார் இருக்கா?"

"வேலை இருக்குடா. நாளைக்குச் சந்தை."

"சாப்ட்டியா?"

"இப்பத்தான் அடுப்பப் பத்த வெக்கப் போறேன்."

போனை வைத்தாள். வெளியே தூறல் தொடங்கியிருந்தது. வெங்காயம் நறுக்கி எண்ணெயில் போட்டாள். தக்காளியும் மிளகாயும் வதங்கியதும் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினாள். அலமாரியில் ஹரிஸா பாட்டில்கள் இன்னும் வரிசையாக இருந்தன. எந்தப் பாட்டில் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். கைக்குக் கிட்டே இருந்ததை எடுத்துத் திறந்து, ஒரு கரண்டி போட்டு, சட்டியோடு மேஜைக்குக் கொண்டுவந்து சாப்பிட உட்கார்ந்தாள்.